உத்தரத்தின் மேல் ஒரு கனவான்

'ஜென்டில்மேன்' என்ற ஆங்கிலச் சொல்லை இன்று உள்ளர்த்தம் ஏதுமின்றிப் பயன்படுத்துவது பொதுக் கழிப்பறைக் கதவு ஒன்றுதான் என்று தோன்றுகிறது. மற்ற இடங்களில் அச்சொல்லின் அடியில் ஒரு மெல்லிய சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. நிலம் உடையவன், கையால் உழைத்துப் பிழைக்க வேண்டாதவன் என்ற பொருளில் தொடங்கி, நற்பண்பு உடையவன் என்று உயர்ந்து, கடைசியில் கிண்டலுக்கு வந்து சேர்ந்த சொல் அது. ஆங்கிலேயரின் வர்க்கச் சொற்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். 'ஸ்நாப்', 'போஷ்', 'ரெஸ்பெக்டபிள்', 'மிடில் கிளாஸ்' என்று எதை எடுத்தாலும் அகராதி தரும் பொருள் ஒன்று. சொல்கிறவர் புருவத்தைச் சற்று உயர்த்தும்போது கிடைக்கும் பொருள் வேறொன்று. தமிழில் இதற்கு நாம் பெரும்பாடு படவேண்டியதில்லை. 'பெரிய மனிதர்' என்று சொல்லிக் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தால் ஊருக்கே புரிந்துவிடும். இந்தப் புருவத்தைச் சீன மொழிக்குள் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி எங்களைச் சில ஆண்டுகளாகப் பிடித்து ஆட்டுகிறது.

எங்களை என்றால், சிங்கப்பூரில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் படிக்கும் ஐந்தாறு பேரை. எங்களுள் இருவர் சீனம் முறையாகக் கற்றவர்கள். அவர்களில் ஒருவர் ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் இடையே வாய்மொழிபெயர்ப்பைத் தொழிலாகவே செய்கிறார். இவ்வூர்த் தமிழருக்குச் சீனம் மின்தூக்கியிலும் காப்பிக் கடையிலும் காதில் விழும் மொழி. ஆனால் காதில் விழுவது வேறு, அதில் இலக்கியம் படிப்பது வேறு. ஆங்கில நாவலையும் அதன் சீன மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் எப்படியோ எங்களுக்குத் தொற்றிக்கொண்டது. வழிகாட்ட ஒருவர் கிடைத்தார். ஹூனான் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, மகளோடு இங்கே வந்து வசிப்பவர். 'லாவ்ஷி' என்றுதான் அழைப்போம். ஆசிரியர் என்று பொருள்.

'ஜென்டில்மேன்' என்பதற்குச் சீனத்தில் இரண்டு சொற்கள் தயாராகக் காத்திருக்கின்றன. ஒன்று ஷென்ஷி. 'ஷென்' என்பது அக்கால அதிகாரிகள் இடையில் கட்டித் தொங்கவிட்ட அகலமான கச்சை. அரசுத் தேர்வில் தேறி, சொந்த ஊரில் நிலமும் செல்வாக்குமாக வாழ்ந்த படித்த கூட்டத்தாருக்கு அது பெயராயிற்று. மற்றது ஜுன்ஸி. சொல்லளவில் தலைவனின் மகன். கன்ஃபூசியஸ் அதைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுத்துப் பண்பின் பெயராக்கினார். நம்முடைய 'சான்றோன்' இதற்கு மிக அருகில் வரும். 19ஆம் நூற்றாண்டில் கன்ஃபூசிய நூல்களை ஆங்கிலத்தில் தந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் லெக், ஜுன்ஸியை 'சுப்பீரியர் மேன்' என்று பெயர்த்தார். இன்றைய ஆங்கிலக் காதுக்கு அது மூக்கை வானத்தில் வைத்து நடக்கும் ஆசாமியாகக் கேட்கிறது. கெட்டுப்போவது ஒரு திசையில் மட்டும் நடப்பதில்லை.

சீனருக்கு முரண்நகை வராது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்கிறவர்களுக்கு லாவ்ஷி ஒரு கதை வைத்திருக்கிறார். பிந்தைய ஹான் வரலாற்றில் வருவது. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் ஷி என்ற அதிகாரியின் வீட்டில் ஓர் இரவு திருடன் புகுந்து கூரை உத்தரத்தின் மேல் ஒளிந்துகொண்டான். சென் ஷி பார்த்துவிட்டார், கூச்சலிடவில்லை. பிள்ளைகளையும் பேரர்களையும் எழுப்பி அருகே அழைத்து, மனிதன் முயன்று தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும், தீயவர்கள் பிறவியிலேயே தீயவர்கள் அல்லர், பழக்கம் அவர்களை அப்படி ஆக்கிவிடுகிறது, அதோ உத்தரத்தின் மேல் இருக்கிறாரே அந்த ஜுன்ஸியைப் போல என்று பாடம் நடத்தினார். திருடன் நடுங்கிக் கீழே குதித்து மன்னிப்புக் கேட்டான். இரண்டு சுருள் பட்டுத்துணி கொடுத்து அவனை அனுப்பிவைத்தார். அன்றுமுதல் 'லியாங்ஷாங் ஜுன்ஸி', அதாவது உத்தரத்துக் கனவான், என்பது திருடனுக்கு ஒரு பெயர். தாக்கரேக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய விஷயம் இது.

ஆக, நகைக்கத் தெரியாத மொழி என்று சீனத்தைச் சொல்ல முடியாது. தடை எங்கே இருக்கிறது என்பது ஜேன் ஆஸ்டினைப் படிக்கும்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை 1950களின் நடுவில் வாங் கெயி சீனத்தில் தந்தார். கேதரின் சீமாட்டியிடம் எலிசபெத் வாதாடும் கட்டம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். டார்சி ஒரு கனவான், நானும் ஒரு கனவானின் மகள், ஆகவே நாங்கள் சமம் என்கிறாள். நேராகப் பார்த்தால் நியாயமான வாதம். ஆனால் அந்தக் கனவான், அதாவது அவள் அப்பா பென்னட், ஐந்து பெண்களுக்கும் எதுவும் சேர்த்து வைக்காமல் நூலகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருப்பவர் என்பதை ஆஸ்டின் நம்மை ஒரு கணமும் மறக்க விடுவதில்லை. சொல்லின் மீது பெருமையும் கேலியும் ஒருசேர அமர்ந்திருக்கின்றன. இதை விளக்க நாங்கள் முயன்றபோது லாவ்ஷி கேட்டார்: "இந்த மனிதர் என்ன தொழில் செய்கிறார்?" ஒன்றும் செய்யவில்லை, நிலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது என்றோம். "அப்படியானால் திஜூ" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

திஜூ என்றால் நிலவுடைமையாளர். 1950இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டிச் சீன கிராமங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வர்க்கப் பெயர் ஒட்டப்பட்டது. நிலவுடைமையாளர், பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, கூலி உழவர். நிலம் பறிபோய்ப் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்த பிறகும் திஜூவின் பெயர் திஜூதான். மகனுக்கும் பேரனுக்கும் அது இறங்கியது. பள்ளியில் சேர, வேலைக்குப் போக, திருமணம் செய்ய, எல்லாவற்றுக்கும் 'ச்சூஷென்' என்று ஒரு கட்டம், பிறப்பு மூலம், நிரப்பப்பட வேண்டும். இந்தப் பெயர்களுக்கு மக்கள் வழக்கில் 'தொப்பி' என்று பெயர். பிறப்பு மூலத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது அநியாயம் என்று எழுதிய யூ லுவோக்க என்ற இளைஞர் 1970 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. தொப்பிகளைக் கழற்றலாம் என்று கட்சி முடிவெடுத்தது 1979 ஜனவரியில்.

லாவ்ஷியின் தாத்தாவுக்குச் சில வயல்கள் இருந்தன, குத்தகைக்கு விட்டிருந்தார். அவ்வளவே. பள்ளிப் படிவத்தில் அந்தக் கட்டம் வரும்போது தம் பேனாவால் எவ்வளவு சிறிதாக எழுத முடியுமோ அவ்வளவு சிறிதாக அந்த இரண்டு எழுத்துகளை எழுதுவாராம். "நீங்கள் சொல்லும் அந்த அப்பா வேடிக்கையான மனிதர்தான்" என்றார். "ஆனால் எனக்கு அவருடைய மகள்களை நினைத்தால் பயமாக இருக்கிறது."

தன் வர்க்கத்தைப் பற்றி ஆங்கிலேயர் விளையாடுவதற்கு ஒரு காரணம், அண்மைக் காலத்தில் அங்கே அந்தச் சொல்லுக்காக யாரையும் கட்டி இழுத்துச் சென்றதில்லை என்பது. 'போஷ்' என்று பெயர் எடுத்தவருக்கு நேரக்கூடிய அதிகபட்சத் துன்பம், மதுக்கடையில் நாலு பேர் அவர் உச்சரிப்பைப் பழித்துக் காட்டுவது. அந்த வசதி உள்ள இடத்தில் விளைந்த சொற்களை, வர்க்கப் பெயர் அரசாங்க முத்திரையாக இருந்த இடத்துக்குக் கொண்டுபோகும்போது அவற்றின் எடை மாறிவிடுகிறது.

இந்த எடையைக் கையில் ஏந்தி நடந்து காட்டியவர் என்று எங்களுக்குத் தோன்றுகிறவர் யாங் பி. ஷாங்ஹாயில் ஃபூதான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். எழுத்தாளர் யாங் ஜியாங்கின் தங்கை. நாவலாசிரியரும் அறிஞருமான ச்சியென் ஜோங்ஷுவின் மைத்துனி. 1950களின் தொடக்கத்தில் அவர் மரியா எட்ஜ்வர்த்தின் 'காஸில் ராக்ரென்ட்' என்ற சிறு நாவலைப் பெயர்த்தார். அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்களைச் சுரண்டிக் குடித்தே அழியும் நிலக்கிழார் குடும்பத்தை, அவர்களுடைய விசுவாசமான கிழட்டு வேலையாள் புகழ்ந்து சொல்வதாக அமைந்த கதை. அவன் புகழ்வதெல்லாம் நமக்கு இகழ்ச்சியாகக் கேட்கும். அதுதான் நூலின் உயிர். தலைப்பிலேயே ஒரு சிலேடை: 'ராக்ரென்ட்' என்பது குடும்பப் பெயர், அதே சமயம் கசக்கிப் பிழியும் குத்தகைக்கும் அதுவே பெயர். யாங் பி நூலுக்கு வைத்த சீனத் தலைப்பு 'போஷுவே ஷிஜியா'.

இந்தத் தலைப்பின் முன் நாங்கள் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். 'போஷுவே' என்றால் சுரண்டல். அன்றைய செய்தித்தாளில் நாள்தோறும் வந்த மார்க்சியச் சொல். 'ஷிஜியா' என்பது அதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்பது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரலாற்றாசிரியர் ஸிமா ச்சியென், பரம்பரைப் பிரபுக்களின் வரலாறுகளை எழுதிய பகுதிக்கு இட்ட பெயர் அது. 'சுரண்டல் பரம்பரை' என்று தமிழில் சொன்னால் ஏறக்குறைய வரும். 'சுரண்டற் குலத்தார் மெய்க்கீர்த்தி' என்றால் இன்னும் நெருங்கும். அதிகாரி ஒருவர் பார்த்தால் முற்போக்கான தலைப்பு. பழம் இலக்கியம் படித்தவர் பார்த்தால், இந்தக் குடும்பத்துக்கெல்லாம் ஒரு ஷிஜியாவா என்று உதடு சுழிக்க வைக்கும் தலைப்பு. ஆங்கிலச் சிலேடை போய்விட்டது. அதன் இடத்தில் சீன மண்ணிலேயே முளைத்த வேறொரு முரண்நகை வந்து அமர்ந்துவிட்டது. 1957இல் அவர் தந்த தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' இன்றும் சீன மொழிபெயர்ப்பின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் தலைப்பு 'மிங்லி ச்சாங்', புகழும் ஆதாயமும் விளையாடும் களம். யாங் பி 1968இல், நாற்பதுகளின் நடுவிலேயே, இறந்துபோனார். ஆஸ்டினைப் பெயர்த்த வாங் கெயியும் அதே ஆண்டில், கலாச்சாரப் புரட்சியின் கொடுமைக்கு இடையே, மறைந்தார்.

தாக்கரே என்றதும் 'ஸ்நாப்'. செருப்புத் தைப்பவரைக் குறித்த கொச்சைச் சொல் அது; கேம்பிரிட்ஜ் மாணவர் வாயில் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரர்களைக் குறித்தது; தாக்கரே 1840களில் 'பஞ்ச்' இதழில் எழுதிய தொடர் அதை மேலே பார்த்து வழிகிறவனின் பெயராக்கிற்று. சீனத்தில் 'ஷிலி யென்' என்பார்கள், அதிகாரத்தையும் ஆதாயத்தையும் மட்டும் காணும் கண். நல்ல சொல்தான். ஆனால் ஷிலிக்காரன் ஏதோ ஒன்றைப் பெறுவதற்காகக் குழைகிறான். ஆங்கில ஸ்நாப் சல்லிக்காசு ஆதாயமில்லாமலும் குழைவான். அவனுக்கு அது ஒரு ஆன்மிகம்.

அச்சாகப் பொருந்தும் சொல்லும் உண்டு. 'ரெஸ்பெக்டபிள்' என்பதற்குச் சீனத்தில் 'திமியென்'. உடலும் முகமும் சேர்ந்த சொல். நாலு பேர் முன் தலை நிமிர்ந்து நிற்பதற்கான உடை, நடை, வாசல், திரைச்சீலை எல்லாம் அதற்குள் அடக்கம். இதன் ஆழத்தை லாவ் ஷெயைப் படித்தவர்கள் அறிவார்கள். அவர் 1924 முதல் 1929 வரை லண்டனில் சீனம் கற்பித்தவர். வாடகை அறைகளில் வாழ்ந்தவர். அங்கே எழுதிய 'அர் மா' நாவலில், சீனத் தந்தைக்கும் மகனுக்கும் அறை வாடகைக்கு விட்டால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்று தவிக்கும் லண்டன் விதவை ஒருத்தி வருகிறாள். அவளுடைய தவிப்பைச் சொல்ல அவருக்கு அடிக்குறிப்புத் தேவைப்படவில்லை. பெய்ஜிங் சந்துகளில் அதே தவிப்போடு வாழ்ந்த வறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். 'திமியென்' என்ற சொல்லில் இரு ஊர்களின் ஏழை நாகரிகமும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

வாய்மொழிபெயர்ப்பில் நிலைமை இன்னும் கடினம். எழுதுகிறவருக்கு அகராதி இருக்கிறது, இரவு இருக்கிறது. வாய்மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று விநாடி. எங்கள் தோழி ஒருமுறை ஒரு வணிக விருந்தில், ஓர் ஆங்கிலேயருக்கும் அவரைச் சந்திக்க வந்த சீனக் குழுவினருக்கும் இடையே அமர்ந்திருந்தார். ஆங்கிலேயர் கைப்பேசியில் தம் வீட்டுப் படங்களைக் காட்டினார். காய்கறித் தோட்டம், வயதான நாய், வரிசையாக ஜாம் புட்டிகள். காட்டிவிட்டு, பயங்கர மிடில் கிளாஸ், என்ன செய்வது என்கிற தோரணையில் ஒரு வாக்கியம் சொன்னார். தோழி அதை உள்ளபடியே பெயர்த்தார். 'மிடில் கிளாஸ்' என்பதற்குச் சீனத்தில் ஜோங்ச்சான் ஜியேஜி, நடுத்தரச் சொத்துடைய வர்க்கம். குழுவினர் முகம் மலர்ந்து கோப்பைகளை உயர்த்தினார்கள். ஒருவர் மரியாதையோடு வீடு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டார்.

சொல் போய்ச் சேர்ந்தது. தோரணை வழியில் இறங்கிவிட்டது. வேறொரு சந்தர்ப்பத்தில் இதே போன்ற பேச்சு வந்தபோது தோழி, 'ஜியென்ஷியாவ் ல' என்ற உபசாரத் தொடரைச் சேர்த்துப் பார்த்தார். நீங்கள் சிரிக்கும்படி ஆயிற்று என்று பொருள், தன்னடக்கமாகச் சொல்வது. உடனே எதிரே இருந்தவர்கள் பதறி, இல்லை இல்லை, மிக நல்ல வீடு, மிக நல்ல நாய் என்று மறுக்கத் தொடங்கினார்கள். அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னபோது அந்த வெள்ளைக்காரர் விழித்தார். பழைய சீன மரபில் தன் வீட்டைக் 'குளிர்ந்த குடிசை' என்றும் தன் மகனை 'நாய்ப் பிள்ளை' என்றும் சொல்வதுண்டு. நம் 'அடியேன்' போல. கேட்கிறவர் அதை மறுக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஆங்கிலேயரின் தற்கேலி மறுப்பை எதிர்பார்ப்பதில்லை. அதை ரசித்தால் போதும், ரசிப்பவரும் அதே வேலிக்கு உட்பட்டவர் என்று ஆகிவிடும். உருவத்தில் இரண்டும் ஒன்று, வேலையில் வேறு.

'ஜியேஜி' என்ற சொல்லே இப்போது அரசுத் தாள்களில் அரிதாகி வருகிறது. சீனச் சமூக அறிவியல் கழகம் 2002இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வறிக்கை சீனச் சமூகத்தைப் பத்தாகப் பிரித்தது. ஆனால் வர்க்கம் என்று சொல்லாமல் 'ஜியேச்செங்', அடுக்கு, என்றது. நடுத்தர வர்க்கத்தை அரசு 'நடுத்தர வருமானக் குழு' என்று அழைக்கிறது. இன்னொரு பக்கம், பாட்டாளி வர்க்கத்தின் தலைமை அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. நன்றாகச் சம்பாதிக்கும் லண்டன்வாசி ஒருவர், பாதிப் பெருமையும் பாதிக் கேலியுமாக, நானெல்லாம் 'வொர்க்கிங் கிளாஸ்' என்று சொல்லும்போது எங்கள் தோழியின் வாயிலிருந்து அரசியல் சட்டத்தின் சொல்தான் வரவேண்டியிருக்கிறது. 'ஷாம்பெய்ன் சோஷலிஸ்ட்' பற்றிச் சொல்லவே வேண்டாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதே உத்தமம்.

சில இடங்களில் பெயர்க்க ஒன்றுமே இருக்காது. பர்மிங்காம் மொழியியல் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954இல் எழுதி, நான்சி மிட்ஃபர்ட் மறு ஆண்டு 'என்கவுன்ட்டர்' இதழில் பிரபலமாக்கிய விளையாட்டு ஒன்று உண்டு. மேட்டுக்குடியார் 'நாப்கின்' என்பார்கள், மேட்டுக்குடியாக ஆசைப்படுகிறவர்கள் 'ஸெர்வியட்' என்பார்கள். முன்னவர் 'லுக்கிங் கிளாஸ்' என்பதைப் பின்னவர் 'மிரர்' என்பார். சீனத்தில் கண்ணாடி கண்ணாடிதான், இரண்டுக்கும் ஜிங்ஸி. தமிழிலும் அப்படியே. மேலே செல்வோம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஓர் அமெரிக்க நூல். பால் ஃபஸல் 1983இல் 'கிளாஸ்' என்ற பெயரில் எழுதியது. அமெரிக்காவில் வர்க்கமே இல்லை என்ற பாசாங்கைக் கிழித்து, மக்களை ஒன்பது அடுக்காக வைத்து, யார் என்ன உடுத்துவார், எதைக் குடிப்பார், வரவேற்பறையில் எதை மாட்டுவார் என்று ஈவிரக்கமில்லாமல் எழுதிய பகடி நூல். கண்ணுக்குத் தெரியாத உச்சியும், கண்ணுக்குத் தெரியாத அடித்தட்டும் அதில் உண்டு. பிரிட்டனில் இதே நூல் 'காஸ்ட் மார்க்ஸ்' என்ற தலைப்பில் வந்தது. ஆங்கிலேயருக்கே தங்கள் சொல் போதாமல், நம் நெற்றியிலிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள். நாமமும் திருநீறும் நியூஜெர்சிக்குப் போன கதையை யாராவது தனியாக எழுதலாம்.

சீன மொழிபெயர்ப்பு 1998இல் பெய்ஜிங்கில் வெளியாகி விற்பனையில் சக்கைப்போடு போட்டது. தலைப்பு 'கெதியாவ்'. நடையழகு, ரசனையின் தரம், சுருதி என்றெல்லாம் பொருள் தரும் சொல். துணைத் தலைப்பில் சமூகப் படிநிலையும் வாழ்க்கை ரசனையும் ஜோடியாக நின்றன. ஃபஸல் கேலியோடு 'ப்ரோல்' என்று சுருக்கிய பாட்டாளிகளைச் சீனத்தில் 'வூச்சான் ஜியேஜி' என்று எழுத முடியவில்லை. நாட்டை ஆளும் வர்க்கத்தின் பெயரை எப்படி எழுத்து அச்சடித்த சட்டை அணிகிறவர்களுக்கு வைப்பது? 'பின்மின்', ஏழை மக்கள், என்று வைத்தார்கள். மேல் ஏழைகள், நடு ஏழைகள், கீழ் ஏழைகள் என்று பட்டியல் இறங்குகிறது. ஃபஸலின் ப்ரோல்களில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் ஏராளம். வர்க்கம் என்பது பணத்தைப் பற்றியதல்ல என்பதே நூலின் வாதம். ஒரே சொல்லில் அது கவிழ்ந்துவிட்டது.

பிராஸ் பாசா கட்டடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் எங்களுக்கு இந்தச் சீனப் பதிப்பின் பிரதி ஒன்று கிடைத்தது. நூலின் இறுதியில், உங்கள் வரவேற்பறையை நீங்களே அளந்துகொள்ளுங்கள் என்று ஃபஸல் ஒரு விளையாட்டுத் தேர்வு வைத்திருக்கிறார். இந்தப் பொருள் இருந்தால் இத்தனை மதிப்பெண் கூட்டுக, அது இருந்தால் இத்தனை கழிக்க. தேய்ந்துபோன கீழைநாட்டுக் கம்பளத்துக்கு மதிப்பு ஏறும். புதிய கம்பளத்துக்கு இறங்கும். எங்கள் பிரதியில் அந்தப் பக்கங்கள் முழுவதும் பென்சில் கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சிறிய எண். சில இடங்களில் எழுதி அழித்து மறுபடி எழுதியிருக்கிறது. கடைசியில் கூட்டுத்தொகை, அதன் கீழ் இரட்டைக் கோடு.

முதலில் சிரித்தோம். பகடியைப் பாடநூலாக எடுத்துக்கொண்ட அப்பாவி என்று எங்களுள் ஒருவர் சொன்னார். லாவ்ஷி சிரிக்கவில்லை. அதே 1998இல்தான், வேலையிடமே ஊழியருக்கு வீடு ஒதுக்கும் முறையைச் சீன அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது என்பதை நினைவூட்டினார். முதல் முறையாக ஒரு கூடத்தைச் சொந்தக் காசில் வாங்கி, அதில் என்ன வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவரின் பென்சில் அது. அம்மாவிடம் கேட்க முடியாது. அம்மா வளர்ந்த காலத்தில் நல்ல நாற்காலி என்பதே ஆபத்து. இருக்கும் ஒரே கம்பளம் புதிய கம்பளம். தேய்ந்த கம்பளம் வைத்திருக்க வேண்டுமென்றால் தாத்தாவிடமிருந்து அது பறிபோகாமல் இருந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்ட பிறகு அந்த நூலைத் திரும்பப் படித்தோம். பென்சில்காரர் தவறாகப் படித்தார் என்று இப்போது உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை. சிரித்தபடி சொன்னாலும் அது விலைப்பட்டியல்தான். எதை மாட்டினால் ஏளனம் வரும், எதை மாட்டினால் வராது என்று அதில் இருக்கிறது. ஆங்கில வாசகர் சிரித்துவிட்டு, சிரித்த காரணத்தாலேயே தான் இந்த ஏணிக்கு அப்பாற்பட்டவர் என்று நம்பிக்கொண்டு, ஏணியின் அதே படியில் நிற்கிறார். சிரிக்காதவர் ஏணியை ஏணியாகப் பார்த்தார்.

டேவிட் புரூக்ஸ் 2000இல் எழுதிய 'போபோக்கள்' பற்றிய நூலுக்கும் சீனத்தில் இதுவே நடந்தது. புரட்சிக்காரனின் தாடியும் முதலாளியின் வங்கிக் கணக்கும் ஒன்றாகக் கொண்ட அமெரிக்கக் கும்பலைச் செல்லமாகக் கிண்டல் செய்த சொல் அது. இரண்டொரு ஆண்டுக்குள் சீன நகரங்களில் அடுக்குமாடி வீட்டு விளம்பரங்களில் ஏறிக்கொண்டது. 'சியாவ்ஸி' என்ற சொல்லின் கதை இன்னும் விசேஷம். குட்டி பூர்ஷ்வா என்பதன் சீனச் சுருக்கம். மாவோ காலத்தில் வசவு. 1990களின் இறுதியில் காப்பிக் கடையில் தனியே அமர்ந்து வெளிநாட்டுப் படம் பற்றிப் பேசும் இளம்பெண்ணின் விருப்பப் பட்டமாயிற்று. பிறகு அது மிகுந்து மறுபடியும் கேலியாயிற்று. தமிழ்ச் சிற்றிதழ் விவாதங்களில் 'குட்டி பூர்ஷ்வா' பட்ட அடிகளை அறிந்தவர்களுக்கு, அச்சொல் எங்கோ ஒரு காப்பிக் கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்ற செய்தி ஆறுதலாக இருக்கும்.

இன்று சீன இளைஞர்களிடம் வர்க்க நகைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. 'தூஹாவ்' ஒன்று போதும். 1927இல் ஹூனான் விவசாயிகள் பற்றி மாவோ எழுதிய அறிக்கையில் 'உள்ளூர்க் கொடுங்கோலர்களும் தீய கனவான்களும்' என்று ஜோடியாக வரும் சொல்; அந்தத் தீய கனவான்கள் வேறு யாருமல்லர், நாம் முன்பு பார்த்த கச்சை கட்டியவர்கள்தான். 2013இல் அதே தூஹாவ், ரசனையில்லாத புதுப் பணக்காரரின் செல்லப் பெயராகத் திரும்பி வந்தது. தங்க நிற ஐபோனுக்குத் 'தூஹாவ் தங்கம்' என்று பெயர் வைத்தார்கள். டிக்கன்ஸின் கடைசி முழு நாவலில் மேசை, நண்பர்கள், குழந்தை எல்லாமே புத்தம் புதிதாக மெருகு வாசம் வீசும் வெனீரிங் குடும்பத்துக்கு இது பொருந்துமே என்று எங்களுள் ஒருவர் குதித்தார். பொருந்தும்தான், ஆனால் 1860களின் லண்டன் விருந்து மேசையில் ஒரு தங்கக் கைப்பேசி கிடக்கும். லாவ்ஷியின் பேத்தி தூஹாவ் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாட்டி அப்போது சமையலறைக்குப் போய்விடுவார்.

லூ ஷுன் 1919இல் எழுதிய 'கோங் யீஜி' கதை பாட்டி, பேத்தி இருவருக்கும் பொதுவானது. மதுக்கடையில் நீள அங்கி அணிந்த படித்தவர்கள் உள்ளே அமர்ந்து குடிப்பார்கள். குட்டைச் சட்டைக் கூலிகள் நின்றபடி குடிப்பார்கள். நீள அங்கியோடு நின்று குடிக்கும் ஒரே ஆள் கோங் யீஜி, தேர்வில் தேறாத பண்டிதர். 2023இன் தொடக்கத்தில் வேலை கிடைக்காத சீனப் பட்டதாரிகள் தங்களைக் கோங் யீஜி என்று அழைத்துக்கொண்டார்கள்; பட்டம்தான் கழற்ற முடியாத அங்கி. அரசு ஊடகம் அங்கியைக் கழற்றிவிட்டு உழையுங்கள் என்று உபதேசித்தது. அவ்வாண்டு ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் அப்புள்ளிவிவர வெளியீடே சில மாதங்களுக்கு நிறுத்தப்பட்டது. 'ஷேபி ஜென்டீல்' என்ற ஆங்கிலத் தொடருக்கு, கந்தலிலும் கௌரவம் விடாதவருக்கு, எந்த அகராதியிலும் இல்லாத ஈடு அந்த நீள அங்கி.

தோழி இப்போது ஓர் ஆங்கிலச் சிறுகதையைச் சீனத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடிரவாக ஓடிப்போன குடித்தனக்காரரைப் பற்றி வீட்டுக்காரி, அவர் எப்பேர்ப்பட்ட ஜென்டில்மேன் தெரியுமா என்று காவலரிடம் சொல்கிறாள். அவள் ஏமாந்தவளா, நக்கல் செய்கிறாளா என்று கதை சொல்வதில்லை. ஷென்ஷி என்று போட்டால் அவள் ஏமாந்தவள். உத்தரத்து ஜுன்ஸி என்றால் நக்கல் மட்டும். மேற்கோள் குறிக்குள் வைக்கலாம் என்றோம். லாவ்ஷி மறுத்தார். ஒருவருடைய பட்டத்தை மேற்கோள் குறிக்குள் போடுவதும், முன்னால் 'என்று சொல்லப்படுகிற' என்று சேர்ப்பதும் கண்டன அறிக்கைகளின் வழக்கம். அந்தக் குறியைப் பார்த்தாலே தமக்குச் சுவரொட்டி ஞாபகம் வருகிறது என்றார். அடிக்குறிப்பைத் தோழி ஏற்கவில்லை. சிரிப்புக்குக் கீழே குறிப்பு எழுதுவது, சிரித்தவரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிடுவது போல என்பது அவர் கட்சி.

போன சனிக்கிழமை அவர் எழுதிக்கொண்டு வந்தது, 'திமியென் த ஹென்'. கௌரவமானவர் என்றால் அப்படி ஒரு கௌரவம். லாவ்ஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். முதல் முறை அது பாராட்டாகத்தான் கேட்டது. மறுபடி படித்தார், இம்முறை 'ஹென்'னில் குரல் கொஞ்சம் இழுபட்டது. பென்சிலால் அதன் கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு, காவலர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டார்.